நசீமாவும் தேன்பெட்டியில் கிடந்த அந்துப்பூச்சியும்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். திருப்பத்தூரில் எங்கள் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து அரசு மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கும் முனியம்மா போன் செய்தார். அவர் கூப்பிட்டால் மருத்துவமனைச் சுவரில் ஏதோ புதிய பூச்சி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அதனால் வராந்தாவுக்கு வந்து ஆவலோடுதான் எடுத்தேன்.

“சார், நசீமாம்மா போய்ட்டாங்க.”

அந்த வாரம் மலைக்கு வந்து தன் சாமான்களைப் பார்த்துவிட்டுப் போவதாக அந்த மருத்துவமனை மருந்தாளுநர் நசீமா முனியம்மாவிடம் சொல்லியிருந்தார். வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். “அடடே, சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே. மறுபடி எப்ப வருவாங்க?” என்று கேட்டேன்.

முனியம்மா, “இனிமே எங்க சார் வர்றது. விடியக்காலம் வாணியம்பாடில அவங்க அண்ணன் வூட்லதான்” என்றார்.

நான் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு மாணவி நுண்ணோக்கியைக் காட்டி, “சரியா இருக்கா சார்?” என்று கேட்டாள். பார்க்காமலே தலையசைத்தேன். பார்க்காமல் தலையசைத்ததை நசீமா கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உடனே தோன்றியது. எழுந்து போய், குனிந்து, ஒழுங்காகப் பார்த்துவிட்டு வந்தேன்.

மருத்துவமனையில் அவரோடு வேலை செய்தவர்கள் மறுவாரம் சிறிய கூட்டம் வைத்தார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், வார்த்தை வரவில்லை. அவரை அறிந்த உங்களுக்கு அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நசீமாவை நான் முதலில் பார்த்தது எட்டு வருடங்களுக்கு முன்பு. மாணவர்களை அழைத்துக்கொண்டு மலையில் மூன்று நாள் முகாம் போட்டிருந்தோம். ஒரு பையனுக்குக் காய்ச்சல். மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டிவிட்டு மருந்து கொடுக்கும் சன்னலுக்கு வந்தேன். உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, தலையில் முக்காடு, மாத்திரைகளை எண்ணிச் சிறிய காகித உறையில் போட்டு நீட்டினார். உறையின் பின்பக்கம் பென்சிலால் ஒரு சிறகின் படம் இருந்தது. சிறகின் நுனி பாம்புத் தலை போல் வளைந்திருந்தது. நடுவில் கண்ணாடி போட்டது போன்ற ஒரு முக்கோணம். பக்கத்தில் அளவு குறித்திருந்தது.

“இது யார் வரைஞ்சதுங்க?”

“ஐயோ, உறை மாறிப்போச்சு. குடுங்க சார்.” வாங்கிக்கொண்டு வேறு உறையில் மாத்திரைகளை மாற்றினார்.

எனக்கு வாத்தியார் புத்தி. “இது அட்லஸ் அந்துப்பூச்சி. உலகத்திலேயே பெரிய அந்துப்பூச்சிகள்ல ஒண்ணு” என்றேன்.

“ஆமாங்க, அப்படித்தான் போட்டிருக்கு. ஆனா நெட்ல வர்ற படத்தையும் இங்க சுவத்துல உக்கார்றதையும் வெச்சுப் பாத்தா ரெண்டும் ஒண்ணுதானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. நெறமும் வேற, இந்த சன்னல் மாதிரி இருக்கறதும் கொஞ்சம் வேற. நீங்க பூச்சி படிச்சவரா? பாத்துச் சொல்றீங்களா?”

நான் முதுகலை முடித்து இருபது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவன். தென்னிந்தியாவில் இருப்பது வடக்கே இருக்கும் அட்லஸ் அல்ல, அதன் நெருங்கிய உறவினம் என்று ஆய்வாளர்கள் பிரித்து எழுதியிருப்பதை அன்று இரவு விடுதியில் உட்கார்ந்து தேடித்தான் தெரிந்துகொண்டேன். மருந்தாளுநர் ஒருவர் மாத்திரை உறையில் பென்சிலால் வரைந்து அந்தச் சந்தேகத்தைத் தனியாகவே எட்டியிருந்தார். மறுநாள் காலை மருத்துவமனை திறக்கும் முன்பே அந்தச் சன்னலுக்குப் போய் நின்றேன்.

அப்போதுதான் அவருடைய சுவரைக் காட்டினார். மருத்துவமனையின் பின்பக்க வராந்தாவில் ராத்திரி முழுக்க ஒரு டியூப்லைட் எரியும். வெள்ளையடித்த நீளச் சுவர். வெளிச்சத்துக்கு வந்த பூச்சிகள் விடிந்த பிறகும் அங்கேயே அப்பியிருக்கும். நசீமா காலை ஆறரைக்குத் தேநீர் தம்ளரோடு வந்து சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகப் பார்த்துக்கொண்டு போவார். கையில் அளவுகோல், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பூதக்கண்ணாடி. இரவில் பூச்சியைத் தேடி அலைந்தது எல்லாம் என்னைப் போன்றவர்கள்தான். அவர் விடிந்த பிறகு, நிதானமாக, நல்ல வெளிச்சத்தில் பார்த்தார்.

முன்பெல்லாம் முனியம்மா ஆறு மணிக்கே துடைப்பத்தோடு வந்து அத்தனையையும் பெருக்கித் தள்ளிவிடுவாராம். நசீமா ஒருநாளும் அதட்டவில்லை. ஒரு காலையில் பச்சை நிறத்தில் நீண்ட வால்களோடு ஒரு நிலா அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்ததாம். முனியம்மாவைக் கூப்பிட்டு, “இத்த மட்டும் அரை மணி நேரம் வுட்டு வெய்யேன்” என்று கேட்டிருக்கிறார். முனியம்மா அருகில் போய்ப் பார்த்துவிட்டு, “இது ஆம்பளையா பொம்பளையா?” என்றாராம். நசீமா அதன் உணர்கொம்பைக் காட்டினார். இறகு போல அகலமாக விரிந்திருந்தால் ஆண், ஒல்லியாக இருந்தால் பெண். அன்றிலிருந்து பெருக்கும் நேரம் ஏழரை ஆனது. இன்று முனியம்மா சுவரில் எது புதியது, எது நேற்றைக்கே இருந்தது என்று எனக்குப் போனில் சொல்லுமளவுக்கு வந்துவிட்டார்.

நசீமாவின் கண் எங்கிருந்து வந்தது என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவருடைய அப்பா வாணியம்பாடித் தோல் கிடங்கு ஒன்றில் தரம் பிரிப்பவராக இருந்தார். பதனிட்ட தோலைச் சன்னலோரம் எடுத்துப் போய், வெளிச்சத்தில் சாய்த்து, மேல்பக்கம், அடிப்பக்கம் என்று புரட்டி, கீறலையும் உண்ணி கடித்த தடத்தையும் கண்டுபிடித்து வகை பிரிப்பது அவர் வேலை. சாப்பாடு எடுத்துக்கொண்டு போகும் நசீமா ஓரமாக நின்று பார்ப்பாராம். “எங்கப்பா எனக்கு எதையும் சொல்லித் தரல சார். அவர் கை எப்படித் திருப்புதுன்னு பாத்துனே இருப்பேன், அவ்ளோதான்.” எந்த அந்துப்பூச்சியைக் கொடுத்தாலும் முதலில் அவர் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார். மேற்பக்கம் அடிபட்டுத் தேய்ந்துபோயிருந்தாலும் அடிப்பக்கத்தில் அடையாளம் தங்கியிருக்கும் என்பார். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: “பெருசா இருந்தா சுலபம்னு எல்லாரும் நெனைக்கறாங்க. பெருசுலதான் சீக்கிரம் ஏமாந்துடுவோம் சார். பாத்த உடனே பேர் வந்துடுது இல்ல, அதனால மறுபடி பாக்கறதில்ல.”

அவரைச் சாந்தமான பெண்மணி என்று நினைவுக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மருந்தை நாலு நாள் சாப்பிட்டுவிட்டுப் பாதியில் நிறுத்தியவர்கள் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். என் மாணவர்கள் பூச்சியைக் கொன்று ஊசி குத்திப் பெட்டியில் வைத்ததைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. வாதம் எதுவும் செய்யவில்லை. தேநீர் மட்டும் வரவில்லை. அடுத்த முகாமிலிருந்து நாங்கள் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிட ஆரம்பித்தோம்.

இனி, நான் சொல்லியே ஆக வேண்டிய நிகழ்ச்சி. இதில் தவறு என்னுடையது.

மூன்று வருடம் ஆகிறது. ஜமுனாமரத்தூர் வாரச் சந்தையில் நாங்கள் ஒட்டியிருந்த முகாம் சுவரொட்டியில் என் கைப்பேசி எண் இருந்தது. ஒருநாள் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே, தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. செத்த பெரிய பூச்சி. சிறகுகள் கிழிந்து, உடம்பில் இருந்த மயிரெல்லாம் உதிர்ந்து, கறுத்துப் பளபளவென்று இருந்தது. கீழே, “இது இன்னா பூச்சி சார். தேன்பெட்டிக்குள்ள தானா போவுமா” என்று ஒரு கேள்வி. உடம்பின் வடிவத்தையும் சிறகின் நீளத்தையும் பார்த்தேன். சர்க்கரைவள்ளிக் கொடியில் வளரும் அந்துப்பூச்சி என்று முடிவு செய்தேன். மழைக்காலத்தில் எங்கும் வருவது. “இது பூவில் மட்டும்தான் தேன் குடிக்கும். பெட்டிக்குள் தானாகப் போகாது” என்று தட்டி அனுப்பிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன். மொத்தம் இரண்டு நிமிடம்.

இரண்டு நாள் கழித்து நசீமா கூப்பிட்டார்.

“சார், வெள்ளையன்னு ஒருத்தர் உங்களுக்குப் படம் அனுப்பினாரா?”

“பேர் தெரியாது. தேன்பெட்டியில கிடந்த பூச்சின்னு ஒண்ணு வந்தது.”

“எதுக்குக் கேக்கறார்னு கேட்டீங்களா?”

“இல்லைங்க.”

“புதன்கிழமை அவங்க ஊர்ல உக்காந்து பேசப்போறாங்களாம். அதுக்கு முந்தி நீங்க மேல வரணும்.”

என்ன என்று கேட்டேன். சொன்னார்.

வெள்ளையன் மலையில் சாமை போட்டுக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு தேன்பெட்டிகளும் வைத்திருப்பவர். அந்த மழைக்காலத்தில் ஒரு பெட்டியைத் திறந்தபோது அடியில் கட்டைவிரல் தடிமனில் ஒரு பூச்சி செத்துக் கிடந்தது. அதன் முதுகில் ஏதோ பயமான தடம். பயந்துபோய் அதை நெருப்பில் போட்டுவிட்டார். மறுவாரம் இன்னொரு பெட்டியில் இரண்டாவது கிடந்தது; எனக்கு அனுப்பியது அதன் படம்தான். அதற்குள் ஒரு பெட்டியில் தேனீக்கள் கூட்டை விட்டே போய்விட்டன. யாரோ செய்வினை செய்து பெட்டிக்குள் வைக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. பக்கத்து நிலத்தில் ஐந்து பெட்டிகள் வைத்திருப்பவர் அவருடைய செத்துப்போன அண்ணனின் மனைவி செல்லி. தனியாக இருப்பவர். நிலத்து வரப்புத் தகராறில் இரண்டு பேருக்கும் ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லை. அவர்தான் வைத்தார் என்று வெள்ளையன் சொல்ல, ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் தயங்கினார்கள். தயங்கியவர்களுக்குக் காட்டத்தான் என்னிடம் கேட்டிருக்கிறார். ‘தானாகப் போகாது’ என்று நான் அனுப்பிய வரியை வீடு வீடாகக் காட்டினார். காலேஜ் வாத்தியாரே சொல்லிவிட்டார். தானாகப் போகாது என்றால் யாரோ வைத்ததுதானே.

செல்லி ரத்த அழுத்த மாத்திரை வாங்க மருத்துவமனைக்கு வந்தபோது, போன மாத மாத்திரையே அப்படியே மீதி இருந்தது. நசீமா விடாமல் கேட்டபோது, “மாத்திரை தின்னு இன்னா ஆவப்போது மேடம். புதன்கிழம என்னிய ஊரவுட்டுத் தள்ளி வெச்சிடுவாங்க. தண்ணி மொண்டுக்கக்கூட வுடமாட்டாங்க” என்றிருக்கிறார். மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் போய் ஒண்டிக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

செவ்வாய்க்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு ஆலங்காயம் வழியாகப் பஸ் ஏறினேன். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் அந்தப் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். என் முடிவு சரி என்றுதான் அப்போதும் தோன்றியது. சரியாக இருந்தால் செல்லியின் கதி என்ன என்று நினைத்ததும் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டேன்.

நசீமா நோயாளிகள் எல்லாம் போகும்வரை என்னைக் காக்க வைத்தார். பிறகு ஒரு பழைய மாத்திரை டப்பாவைத் திறந்தார். உள்ளே ஈரப் பஞ்சின்மேல் அந்தப் பூச்சி. வெள்ளையனிடம் நேரில் போய்க் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். காய்ந்து விறைத்திருந்ததை ஒரு நாள் ஈரத்தில் வைத்து இளக்கியிருந்தார்.

“நீங்க சொன்ன பூச்சிக்கு நாக்கு எவ்ளோ நீளம் சார்?”

“உடம்பைவிட நீளமா இருக்கும். நீளக் குழாய்ப் பூவில எட்டிக் குடிக்கிற நாக்கு அது.”

ஊசி முனையால் தலைக்கு அடியில் சுருண்டிருந்த நாக்கை மெல்ல நீட்டிக் காட்டினார். குட்டையாக, தடியாக, நுனி கூராக இருந்தது. அரைவிரல் நீளம்கூட இல்லை.

அந்த நாக்கைப் பார்த்தால் முதலாண்டு மாணவன்கூடச் சொல்லிவிடுவான். பூவில் குடிக்க முடியாத நாக்கு. அடைமேல் மெழுகைக் குத்தித் தேன் உறிஞ்சுவதற்கென்றே அமைந்தது. மண்டையோட்டு அந்துப்பூச்சி. தேன்கூட்டுக்குள் தானாகவே நுழைந்து திருடும் ஒரே பெரிய அந்துப்பூச்சி அதுதான். சில சமயம் தேனீக்கள் மொய்த்துக் கொன்றுவிடும். மொய்த்த மொய்ப்பில் மயிரெல்லாம் உதிர்ந்து, முதுகிலிருந்த அடையாளமும் அழிந்துபோயிருந்தது. வெள்ளையன் எரித்த முதல் பூச்சியில் அந்த மண்டையோடு தெளிவாக இருந்ததாம், நசீமா அப்போதுதான் சொன்னார்.

“முதல் பூச்சி முதுகுல மண்டையோடு மாதிரி இருந்ததுன்னு அவர் எனக்கு எழுதலையே” என்றேன்.

“நீங்க கேக்கலையே சார்.”

அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. நோயாளியிடம், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்பது போலத்தான் சொன்னார்.

மறுநாள் காலை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். செல்லி ஓரமாக, தலையைக் குனிந்து நின்றார். போகும் வழியிலேயே நசீமாவிடம், “நீங்களே பேசிடுங்க. உங்களை எல்லாருக்கும் தெரியும், நம்புவாங்க” என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நின்றுவிட்டார்.

“நான் சொன்னா, பாவம் பாத்துச் சொல்றேன்னு போய்டும். போவாதுன்னு சொன்ன வாயே போவும்னு சொல்லணும் சார்.”

சொன்னேன். நான் அவசரத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன், இது வேறு பூச்சி, தேனுக்காகத் தானே பெட்டிக்குள் போகும், யாரும் கொண்டுபோய் வைக்கத் தேவையில்லை என்றேன். என் இத்தனை வருட வாத்தியார் வேலையில் அத்தனை பேருக்கு முன்னால் ‘தப்பு’ என்ற வார்த்தையை நான் சொன்னதே இல்லை.

வெள்ளையன் எழுந்தார். “அன்னிக்குப் போவாதுன்னீங்க. இன்னிக்குப் போவும்ன்றீங்க. நாளிக்கு இன்னா சொல்வீங்க? எத்த நம்பறது?”

நியாயமான கேள்வி. நசீமா எனக்காகப் பரிந்து பேசவில்லை. “யாரையும் நம்ப வேணாம்ங்க. உங்க பெட்டில தேனீ போற வாசலைக் காட்டுங்க” என்றார். கூட்டம் அப்படியே வெள்ளையனின் நிலத்துக்கு நடந்தது. பெட்டியின் வாசல் பலகை தேய்ந்து, சந்து அகலமாகியிருந்தது. நசீமா தன் கட்டைவிரலை அதில் நுழைத்தார். தடையில்லாமல் போனது. பூச்சியை எடுத்து அதே சந்தில் வைத்தார். அதுவும் போனது.

பிறகு திரும்பி, எல்லாரையும் பார்த்துக் கேட்டார். “இந்த ஊர்ல பெட்டி வெச்சிருக்கறவங்க எத்தினி பேரோ இருக்கீங்க. வேற யார் பெட்டிலயும் இது வரலையா?”

செல்லிதான் முதலில் சொன்னார், தலையை நிமிர்த்தாமலே. “என் பெட்டில ரெண்டு கெடந்துச்சி. எனுக்குத்தான் யாரோ வெச்சிட்டாங்கன்னு நெனச்சிக்கினு பொதச்சிட்டேன்.”

“இப்ப அப்படித்தான் சொல்லுவ” என்றார் வெள்ளையன்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, “எங்க வூட்டுதுலயும் ஒண்ணு இருந்துச்சி” என்றாள். பக்கத்தில் நின்ற அவள் கணவன் அவளை முறைத்தான். பிறகு அவனும் ஆமாம் என்றான். வெளியில் சொன்னால் தேனை யாரும் வாங்கமாட்டார்கள் என்று மறைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். ஏழெட்டு வீட்டில் கிடந்திருக்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் வந்தது என்று பயந்து, புதைத்தோ எரித்தோ வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அப்ப எல்லாருக்குமா ஒருத்தி போய் வெச்சிருப்பா? போங்கப்பா, போய் வேலையப் பாருங்க” என்றார். அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது.

வெள்ளையன் செல்லியிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு மருத்துவமனைக்கு வந்தார். நான் அன்று அங்கே இருந்தேன். டப்பாவுக்குள் உயிரோடு அந்தப் பூச்சி, முதுகில் மண்டையோடு பளிச்சென்று தெரிந்தது. மூடியைத் தொட்டதும் கீச்சென்று கத்தியது.

“சாயங்காலம் வாசல்லியே புடிச்சேன் மேடம். கத்துது பாருங்க.”

“பயமா இருந்துச்சா?”

“மொதல்ல இருந்துச்சி. அப்பறம் எலிக்குட்டியாட்டம்தான் கீது.”

நம் பக்கத்தில் இதில் இரண்டு வகை உண்டு என்று நசீமா அவருக்கு விளக்கினார். சிறகை லேசாக விலக்கி, பின்சிறகு உடம்போடு சேரும் இடத்தில் கறுப்பு படர்ந்திருப்பதைக் காட்டி, இது இரண்டில் பெரியது என்றார். மண்டையோட்டைப் பார்த்தே பயந்த மனிதர், பூதக்கண்ணாடியை வாங்கி அந்தக் கறுப்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்தால் உள்ளே வராது என்று கேட்டார். வாசலில் மெல்லிய சட்டம் அடித்துத் தேனீ மட்டும் போகும்படி சந்தைக் குறுக்கச் சொன்னார் நசீமா. அடுத்த மாதம் செல்லி மாத்திரை வாங்க வந்தபோது, தன் ஐந்து பெட்டிக்கும் யாரோ சட்டம் அடித்துவிட்டுப் போயிருப்பதாகச் சொன்னார். யார் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு யார் பூச்சிப் படம் அனுப்பினாலும் உடனே பெயர் சொல்வதை நிறுத்திவிட்டேன். போன் செய்து, எங்கே கிடைத்தது, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விசாரிக்கிறேன். பெரும்பாலும் சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். ஒன்றிரண்டு பேர் அப்படி இல்லை. இந்தப் பழக்கம் நசீமா எனக்குக் கொடுத்தது. ஒரு பெண் ஊரைவிட்டுப் போகாமல் இருந்ததும், அப்படிப் போகக் காரணமானவனாக நான் ஆகாமல் இருந்ததும் அவர் கொடுத்தவை. அன்றைய நிகழ்ச்சியை அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. முனியம்மாவுக்கே நான் சொல்லித்தான் தெரியும்.

போன தை மாதம் அவருக்கு வயிற்றில் வலி வந்தது. மலையிலிருந்து இறங்கி, வேலூரில் ஒரு மருத்துவமனையில் மூன்று வாரம் படுத்திருந்தார். பார்க்கப் போனேன். இளைத்திருந்தார், கண்ணாடி மூக்கில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. நோயைப் பற்றி ஒரு வரி சொன்னார், கணையம் என்று. பிறகு முனியம்மாவின் சுவரில் என்ன வந்திருக்கிறது என்று கேட்டார். “எனக்குப் போடற மருந்தையெல்லாம் நான் எத்தினி பேருக்கு எண்ணிக் குடுத்திருக்கேன் சார். எதுவும் புதுசா இல்ல” என்று சிரித்தார். நான் அழுதுவிடக்கூடாது என்று அவருடைய தலைமாட்டில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துக்கொண்டு நின்றேன். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. எனக்கு அடுத்த ஆண்டு ஓய்வு.

வாணியம்பாடியில் அடக்கம். மலையிலிருந்து இரண்டு வண்டி ஆட்கள் வந்திருந்தார்கள். முனியம்மாவும் செல்லியும் வீட்டுக்குள் பெண்களோடு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளையன் எங்களோடு அடக்கத்தலத்துக்கு வந்தார். என்ன செய்ய வேண்டும் என்று இருவருக்கும் தெரியவில்லை. முன்னால் நின்றவர்கள் செய்ததைப் பார்த்து நாங்களும் மூன்று முறை மண் அள்ளிப் போட்டோம். வெளியே வந்ததும் அவர் தன் பையிலிருந்து ஒரு புட்டி தேனை எடுத்து நசீமாவின் அண்ணனிடம் நீட்டினார். “வெறுங்கையா வர மனசு வரலிங்க” என்றார். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வேலூர் மருத்துவமனையிலிருந்து நசீமா எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். வார்டு சன்னல் வலையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய பழுப்பு அந்துப்பூச்சி. தேய்ந்து, நிறம் மங்கி, பின்சிறகு இரண்டும் போய்விட்டிருந்தன. கீழே, “ரெண்டு நாளா இங்கயே இருக்கு. அவசரம் இல்ல சார். பாத்துட்டுச் சொல்லுங்க” என்று எழுதியிருந்தார்.

பார்த்தேன். மூன்று நாள் பார்த்தேன். புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். எது என்று பிரித்துச் சொல்லும் கோடு பின்சிறகில்தான் இருக்கும், அதுதான் இல்லை. ஏதாவது ஒரு பெயரைச் சொன்னால் படுக்கையில் இருப்பவருக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை. “எவ்வளவு பார்த்தும் சரியாத் தெரியலைங்க. இந்த ரெண்டுல ஒண்ணு, அதுக்கு மேல சொல்ல முடியல” என்று எழுதினேன்.

அன்று மாலையே பதில் வந்தது. அவரிடமிருந்து எனக்கு வந்த கடைசி வரி அதுதான்.

“நானும் அவ்ளோதான் சார் பாத்தேன். நல்லாப் பாத்திருக்கீங்க.”

முப்பது ஆண்டு வாத்தியார் வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் எதை வைத்துக்கொள்வாய் என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன். பெயர் தெரியாத அந்தப் பூச்சியின் படத்தையும், அதன் கீழே இருக்கும் அந்த வரியையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.